புது சைக்கிளில் பழுது: கடையா, கம்பெனியா, தெருமுனை மெக்கானிக்கா?

வாங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஆதம்பாக்கத்திலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வர 18,500 ரூபாய் கொடுத்து ஒரு கியர் சைக்கிள் எடுத்திருந்தேன். ஆறாம் நாள் காலை கத்திப்பாரா பக்கம் போகும்போது, இடது காலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் ஒரு வீடியோ எடுத்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “புது வண்டி சார், ஓட ஓட செட் ஆயிடும்” என்று பதில் வந்தது. நம்பினேன். இன்னும் பதினோரு நாள் ஓட்டினேன்.

பதினேழாம் நாள் ஆலந்தூரில் இடது கிராங்கே, அதாவது பெடலைத் தாங்கும் கையே, ஆட ஆரம்பித்துவிட்டது. தள்ளிக்கொண்டு போய், தூங்குமூஞ்சி மரத்தடியில் கடை போட்டிருந்த ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். கிராங்க் நடுவில் இருந்த பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்து, உள்ளே 14 நம்பர் பாக்ஸ் ஸ்பேனரை விட்டார். பலமே கொடுக்காமல் போல்ட் சுற்றியது. கிராங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஆக்ஸில் என்கிற நடு அச்சு உட்கார வேண்டிய சதுர ஓட்டையின் நாலு மூலையும் மழுங்கி, உட்புறம் தேய்ந்து பளபளத்தது. அலுமினியத் துகள் கிரீஸோடு கலந்து அவர் கட்டைவிரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஃபிட் பண்ணவன் டைட்டு வெக்கல சார். நீங்க லூசோடயே மிதிச்சிருக்கீங்க. ஆக்ஸில் இரும்பு, கிராங்க் அலுமினியம். எது தேயும்?” என்றார். நான் டைட் வைத்துத் தரச் சொன்னேன். மறுத்துவிட்டார். “வெச்சா நாலு நாள் நிக்கும், அப்பால மறுபடி ஆடும். வாரண்டி இருக்குதுல்ல? போட்டோ புடிச்சிக்கினு கடைக்கே போங்க. நான் கை வெச்சா அதையே சாக்கா சொல்வாங்க.”

இந்த மாதிரி நேரத்தில் நமக்கு இருக்கும் வழிகள் நாலு: வாங்கிய கடை, தயாரித்த கம்பெனி, தெருமுனை மெக்கானிக், இதில் எதுவும் சரிவராவிட்டால் நுகர்வோர் உதவி எண்ணும் ஆணையமும். எல்லாப் பழுதுக்கும் பொருந்துகிற ஒரே வழி என்று எதுவும் கிடையாது. பழுது என்ன வகை என்பதை வைத்துத்தான் எங்கே போவது என்று முடிவெடுக்க வேண்டும். எங்கே போனாலும் இரண்டு விஷயம் மட்டும் மாறாது: ஓட்டுவதை உடனே நிறுத்த வேண்டும், சொன்னது எழுத்தில் இருக்க வேண்டும். முதலாவதை நான் செய்யவில்லை. இரண்டாவதைத் தற்செயலாகச் செய்திருந்தேன். அதுதான் என்னைக் காப்பாற்றியது.

எந்த வகைப் பழுது?

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வீட்டு வாசலிலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம். மிதிக்கும் சுற்றுக்கு ஒரு தரம் வந்தால் பெடல், கிராங்க், அல்லது இரண்டு கிராங்குக்கும் நடுவே ஃபிரேமுக்குள் இருக்கும் பி.பி. செட் (பாட்டம் பிராக்கெட், ஆக்ஸிலும் அதன் பேரிங்கும்). சக்கரம் சுற்றும் சுற்றுக்கு ஒரு தரம் வந்தால் ரிம், ஸ்போக்ஸ், பிரேக் உரசல். எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் வந்தால் ஹேண்டில்பார் பக்கம் பாருங்கள். இரண்டு கிராங்கையும் இரண்டு கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கலாம். ஒன்று மட்டும் ஆடினால் அந்த கிராங்க் லூஸ், இரண்டும் சேர்ந்து ஆடினால் பி.பி. செட்டில் கோளாறு. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது ஹேண்டில் கழுத்தில் ‘கடக்’ என்றால் அங்கே தளர்வு இருக்கிறது. இவ்வளவுக்கும் ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம்.

என் கணக்கில் புது சைக்கிளின் பழுதுகள் மூன்று வகை.

முதலாவது செட்டிங். கியர் சரியாக விழாது, பிரேக் லீவர் ஹேண்டில்வரை வந்து தொடும், ரிம் லேசாகக் கோணலாக ஓடும். புதிதாகப் போட்ட கேபிளின் உறை முனைகளில் நன்றாகப் பதிந்து உட்காரவும், ஸ்போக்ஸின் இழுவிசை சமன்படவும் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். அது குறையே இல்லை. முதல் மாதத்தில் தருகிற இலவச சர்வீஸ் இதற்காகத்தான். ‘ஓட ஓட செட் ஆகும்’ என்று கடைக்காரர் சொல்வது இந்த ஒரு வகைக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். அதுவும் தானாகச் சரியாகாது, ஓடியபின் ஒருவர் கை வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது ஃபிட்டிங். வண்டி பெட்டியில் பாதி பிரிந்த நிலையில் கடைக்கு வருகிறது. பெடல், ஹேண்டில், முன்சக்கரம், சீட் எல்லாம் அங்கேதான் மாட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அரைமணி நேரத்தில் மாட்டித் தரும் வண்டியில் ஏதாவது ஒரு போல்ட் விட்டுப்போகும். சதுர ஆக்ஸில் கிராங்க் போல்ட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் இறுக்கம் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். குட்டி ஸ்பேனரை வைத்து இரண்டு விரலால் திருகினால் அது வராது. இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். அதை மறந்து வலது பெடல் போலவே திருகினால் கிராங்க் மரை போச்சு. இவை எல்லாம் முதல் நாளிலேயே பிறந்துவிட்ட குறைகள். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும், அதற்குள் பார்ப்பவருக்கு ‘ஓட்டியவர் தப்பு’ மாதிரி தோன்றும். சண்டையெல்லாம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது.

மூன்றாவது தயாரிப்புக் குறை. வெல்டிங் ஓரத்தில் விரிசல், பி.பி. மரை கோணலாக வெட்டியிருப்பது, பின்சக்கரத்தில் ஒரே பக்கத்து ஸ்போக்ஸ் அடுத்தடுத்து அறுவது. ஒரு ஸ்போக் அறுந்தால் ஏதாவது பள்ளத்தில் இறங்கியதாகக்கூட இருக்கலாம். முதல் மாதத்திலேயே நாலைந்து அறுந்தால் சக்கரம் கட்டியதிலேயே கோளாறு.

டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், கேபிள் இவற்றுக்கு வாரண்டி கிடையாது என்று அட்டையில் போட்டிருப்பார்கள். தேய்மானத்துக்குக் கிடையாது என்பதுதான் அதன் பொருள். வீட்டுக்கு வந்த அன்றே டயரில் பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் அது தேய்மானம் ஆகாது. அந்த ஒரு வரியைக் காட்டித் திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாங்கிய கடை

செட்டிங்குக்கும் ஃபிட்டிங்குக்கும் முதல் வாசல் இதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாம் காசு கொடுத்தது அவரிடம். பில் போட்டது அவர். மாட்டியதும் அவர் ஆள். கம்பெனிக்கு எழுதினாலும் பெரும்பாலும் ‘உங்கள் டீலரை அணுகவும்’ என்றுதான் முதல் பதில் வரும். கடையில் மனசு வைத்தால் அரைமணியில் முடிகிற வேலைக்கு மற்ற எல்லா வழியிலும் நாள்கணக்கு ஆகும்.

ஆனால் கடைக்காரர் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உதிரிபாகம் மாற்ற வேண்டியிருந்தால் அவர் போட்டோ எடுத்து அனுப்பி, அனுமதி வாங்கி, பாகம் வரும்வரை காத்திருந்து, மாட்டியும் தர வேண்டும். இதில் அவருக்கு வருமானம் ஒன்றும் இல்லை. அதனால்தான் பலர் ‘ஓட்டிப் பாருங்க, இருந்தா வாங்க’ என்று தள்ளிவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் நமக்குத்தான் நஷ்டம். பாகம் மேலும் தேயும், தேதியும் நகரும்.

போகிற நேரம் முக்கியம். சனி, ஞாயிறு சாயங்காலம் போகாதீர்கள். புது வண்டி பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்து நிற்கும்போது பழைய பில்லோடு வருபவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். செவ்வாய், புதன் காலை பதினொன்று மணிக்குப் போனால் மெக்கானிக்கே உட்கார்ந்து பார்ப்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஜாப் கார்டு, அதாவது வண்டியை வேலைக்கு விடும்போது கடையில் எழுதும் சீட்டு. நீங்கள் ‘இடது கிராங்க் ஆடுகிறது’ என்று சொல்வீர்கள். அவர்கள் ‘ஜெனரல் சர்வீஸ்’ என்று எழுதிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் எழுதப் போனார்கள். அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், நீங்கள் குறை சொல்லவே இல்லை, சும்மா எண்ணெய் போட்டுத் துடைக்கக் கொண்டுவந்தீர்கள் என்றுதான் பிறகு அந்தக் காகிதம் பேசும். தேதி, ஃபிரேம் நம்பர், நீங்கள் சொன்ன குறை, இந்த மூன்றும் நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே வர வேண்டும். ஃபிரேம் நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில், வண்டியைக் கவிழ்த்தால் தெரிகிற இடத்தில் பொறித்திருக்கும். பில்லில் அந்த நம்பர் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஜாப் கார்டே கிடையாது என்கிற சின்னக் கடையானால் கவலை வேண்டாம்; வண்டியை விட்டுவிட்டு வெளியே வந்து, ‘இன்று இந்தக் குறைக்காக வண்டியை உங்களிடம் விட்டிருக்கிறேன்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் போட்டோவோடு அனுப்பினால் போதும்.

பில் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பில் வேண்டாம்னா 500 ரூபாய் குறைச்சுக்கலாம்’ என்று ஆசை காட்டுகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அந்தச் சில நூறு ரூபாய்க்காக வாரண்டி முழுவதையும் விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பு. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. பில் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்திருந்தாலும் மிரள வேண்டாம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் பணத்தைத் தர மறுப்பதும் அதே சட்டத்தின்படி தப்பு. அதனால் முதல் 30 நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பெரிய குறை என்றால் அதற்குள் எழுதிவிட வேண்டும்.

தெருமுனை மெக்கானிக்

சென்னையில் இவர்கள் இல்லாமல் சைக்கிள் ஓட முடியாது. பஞ்சர், காற்று, பிரேக் டைட், கோட்டம் எடுப்பது எல்லாம் ஐம்பது, நூறு ரூபாயில் உடனே முடியும். பல கடைகளின் சம்பள மெக்கானிக்குகளைவிட இவர்களுக்குக் கைப்பழக்கம் அதிகம். என் கிராங்க் ஏன் தேய்ந்தது என்று ஒரே நிமிடத்தில் சொன்னவர் அந்த மரத்தடிக்காரர்தான். அதனால் நோய் என்ன என்று கேட்க இவரிடமே போகலாம் என்பது என் கருத்து. மருந்து எங்கே வாங்குவது என்பதுதான் வேறு கேள்வி.

வாரண்டிக் காலத்தில் இவரிடம் எது வரை போகலாம்? காற்று, பஞ்சர், பிரேக் கேபிள் இழுப்பது, லூசான போல்ட்டை இறுக்குவது இவையெல்லாம் எந்த வண்டிக்காரரும் தானே செய்யக்கூடியவை. இதைச் சொல்லி வாரண்டியை மறுப்பது நியாயம் இல்லை. ஆனால் பாகத்தைக் கழற்றி வேறு பாகம் போடுவது, துளை பெரிதாக்குவது, சுத்தியால் தட்டி நேராக்குவது, வெல்டிங் வைப்பது இந்த நாலில் ஒன்றைச் செய்தாலும் கம்பெனிக் கதவு மூடிக்கொள்ளும். அலுமினிய ஃபிரேமில் வெல்டிங் என்பது வாரண்டியைத் தாண்டிய ஆபத்து. சைக்கிள் ஃபிரேமுக்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் 6061 ரக அலுமினியம், வெல்டிங்குக்குப் பிறகு சூளையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் பலம் பெறும். ரோட்டோரப் பட்டறையில் ஒட்டினால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மெலிந்துபோய், ஒரு நாள் வேகத்தில் போகும்போது கைவிட்டுவிடும். பழைய இரும்பு சைக்கிளுக்கு ஒட்டிப் பழகிய கை இதையும் ஒட்டித் தரும். நாம்தான் கேட்கக் கூடாது.

எங்கள் கீழ்வீட்டு அக்கா மகனுக்கு ஆன்லைனில் ஒரு சைக்கிள் வாங்கினார். முக்கால்வாசி மாட்டிய நிலையில் பெட்டியில் வந்தது. பெடலை வீட்டில் இருந்தவர்களே மாட்டினார்கள். இடது பெடலை வழக்கம்போல வலப்பக்கமாகத் திருகி, ஏறாததால் இன்னும் பலம் கொடுத்துத் திருகியிருக்கிறார்கள். இரண்டாம் நாள் பெடல் கழன்று பையன் முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். மாற்றித்தரக் கேட்டபோது, அங்கீகரிக்கப்பட்ட ஆள் மாட்டாததால் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வாரண்டி அட்டையைப் படித்தால் அப்படித்தான் இருந்தது. கடைசியில் மெக்கானிக்கிடம் 350 ரூபாய்க்கு ஒரு இரும்பு கிராங்க் வாங்கி மாட்டி முடித்தார்கள். ஆயிரக்கணக்கில் செலவு வராத இந்த மாதிரிக் குறைக்கு அலையாமல் மெக்கானிக்கோடு முடிப்பதே எனக்கும் சரியாகப் படுகிறது. மாற்றிய பழைய பாகத்தை மட்டும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள், அதுவே சாட்சி.

கம்பெனி

தயாரிப்புக் குறைக்கு இதுதான் வழி, அதுவும் எழுத்து வழியாக. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய ஊர் நம்முடையது, ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களோடு வளர்ந்த தலைமுறைக்கு ‘ஃபேக்டரியிலேயே போய்க் கேட்டால் என்ன’ என்று தோன்றும். இன்றைக்கு எந்தக் கம்பெனியிலும் அது நடப்பதில்லை. டீலர் வழியாகவோ கஸ்டமர் கேர் வழியாகவோதான் புகார் நகரும். போனில் பேசினால் பேசியவர் பெயரும் நினைவிருக்காது, சொன்னதும் நிற்காது. மெயில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். டீலருக்கும் அதே மெயிலின் நகல் போகட்டும். டீலர் ‘கம்பெனிக்கு அனுப்பிட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும் நிலை அதோடு முடியும்.

ஃபிரேமில் விரிசலா, பெயின்ட்டில் கீறலா என்று தெரியாமல் தடுமாறுகிறவர்கள் நிறைய. என் அண்ணன் மகனுக்கு அப்படித்தான் ஆனது. விடியற்காலையில் ஈ.சி.ஆரில் ஓட்டுகிற பையன், வண்டி இரும்பு ஃபிரேம். ஹேண்டில் கழுத்துக்குக் கீழே வெல்டிங் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு. துடைத்துவிட்டுப் பஞ்சை அதன்மேல் இழுத்துப் பார்த்தோம். இழை சிக்கியது. இரண்டு நாளில் அந்தக் கோட்டிலிருந்து துரு கசிந்து வெளியே வந்தது. நம் கடல் காற்றில் அது சீக்கிரம் நடக்கும். பெயின்ட் கீறல் அப்படியே நிற்கும், விரிசல் நீளும். கோட்டின் இரண்டு முனையிலும் பேனாவால் புள்ளி வைத்துத் தேதி எழுதிப் போட்டோ எடுத்தோம். வண்டியை அன்றோடு நிறுத்தினான். கம்பெனி ஃபிரேமை மாற்றித் தந்தது, ஐந்து வாரம் ஆனது. நீலம் கொடுத்தவனுக்குச் சிவப்பு வந்தது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய ஃபிரேமை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வழியில் முன்கூட்டியே கேட்க வேண்டியவை சில உண்டு. பாகம் இலவசம், மாட்டுகிற கூலி யாருடையது? வண்டியைக் கொண்டுபோகும் செலவு? மாற்றிய பாகத்துக்குப் புதிதாக வாரண்டி ஓடுமா, பழைய தேதியிலிருந்தே எண்ணுவார்களா? பெரும்பாலும் பழைய தேதிதான். வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்பதும் பொதுவான விதி. ஆறு மாத வண்டியை இன்னொருவரிடம் வாங்குகிறவர்கள் அதை நம்பிக் காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம். ஆன்லைன் தளத்தில் வாங்கியவர்களுக்கு ஒரு கூடுதல் பிடி இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தளம் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். திரும்பக் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது என்ற பதிலோடு நின்றுவிடாமல் அவர் பெயருக்கே எழுதுங்கள்.

1915, அதற்குப் பிறகு ஆணையம்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனால் கடையில் நாம் கத்துவதைவிட, அந்தப் புகார் எண்ணுக்கு மரியாதை இருக்கிறது. சென்னையில் 1985 முதல் இயங்கும் சிஏஜி என்ற நுகர்வோர் அமைப்பும் வழிகாட்டும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் சைக்கிளுக்காகப் போவதா என்று பலரும் தயங்குகிறார்கள். கட்டணத்துக்காகத் தயங்க வேண்டியதே இல்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக்கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது. கம்பெனி லூதியானாவில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். சென்னைக்கு வடக்கு, தெற்கு என்று தனித்தனி ஆணையங்கள் உண்டு. 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடவும் முடியும்.

தயங்க வேண்டியது நேரத்துக்காக. ஆய்வுக்கூடச் சோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இதைவிட நீளலாம். ‘தயாரிப்புக் குறை இல்லை, இவர் தவறாக ஓட்டினார்’ என்று எதிர்த்தரப்பு சொன்னால் பாகத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப நேரும், அதற்கான கட்டணத்தை நம்மையே முதலில் கட்டச் சொல்வார்கள். ஆயிரம் ரூபாய் பாகத்துக்காக இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஃபிரேம் விரிசல், விழுந்து காயம், முப்பது நாற்பதாயிரம் ரூபாய் வண்டியையே மாற்ற மறுப்பது இவற்றுக்குக் கண்டிப்பாகப் போக வேண்டும். அதற்கு முன் கடைக்கும் கம்பெனிக்கும் பதினைந்து நாள் கெடு வைத்து ஒரு கடிதம் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பாதிப்பேருக்கு அந்தக் கடிதத்திலேயே காரியம் முடிகிறது.

சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிக உபயோகத்துக்கு வாரண்டி இல்லை என்று பல அட்டைகளில் இருக்கும். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். வாரண்டி இல்லை என்று சொன்னதாலேயே ஆணையக் கதவும் மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

செட்டிங் என்றால் கடை. வாங்கிய கடை தூரம் என்றால் தெருமுனை மெக்கானிக், அதில் தப்பே இல்லை. வேளச்சேரியில் வாங்கிவிட்டு பெரம்பூரில் இருப்பவர் கேபிள் இழுக்க அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். ஃபிட்டிங் என்றால் மெக்கானிக்கிடம் காட்டி உறுதிசெய்துகொண்டு, கை வைக்கவிடாமல் கடைக்கு. ஒரு வாரத்தில் நகராவிட்டால் கம்பெனிக்கு மெயில். தயாரிப்புக் குறை என்றால் கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே நாளில். பிரேக், ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), ஹேண்டில், ஃபிரேம் இந்த நாலில் எதில் சந்தேகம் வந்தாலும், பதில் வரும்வரை பஸ்ஸில் போங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் இதையெல்லாம் முடித்துவிடுவது நல்லது. தேங்கிய தண்ணீரில் ஒரு முறை பி.பி. செட் முழுகினால், அதற்குப் பிறகு வரும் எந்தச் சத்தத்துக்கும் ‘தண்ணியில ஓட்டிட்டீங்க’ என்பதே பதிலாக வரும்.

என் விஷயத்தில், லூசோடு ஓட்டியது உங்கள் தவறு என்றுதான் கடையில் முதலில் சொன்னார்கள். ஆறாம் நாள் அனுப்பிய வீடியோவையும் அவர்கள் பதிலையும் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார் முதலாளி, ஜாப் கார்டை எடுத்து நான் சொன்னபடியே எழுதினார். அன்று இரவே கம்பெனிக்கு நான் அனுப்பிய மெயில் இது, வேண்டுமானால் அப்படியே எடுத்து உங்கள் விவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்:

“இன்ன தேதியில், இன்ன பில் எண்ணில், இந்த ஃபிரேம் நம்பர் உள்ள சைக்கிளை வாங்கினேன். ஆறாம் நாள் இடது கிராங்கில் சத்தம் வந்ததை விற்பனையாளரிடம் வீடியோவுடன் தெரிவித்தேன். தொடர்ந்து ஓட்டலாம் என்று பதில் வந்தது. அந்தச் செய்தியை இணைத்துள்ளேன். பதினேழாம் நாள் கிராங்கின் சதுர ஓட்டை தேய்ந்திருப்பது தெரிந்தது, போட்டோக்கள் இணைப்பில். அன்றிலிருந்து ஓட்டவில்லை. எந்தப் பாகமும் வெளியில் மாற்றப்படவில்லை. இடது கிராங்கை வாரண்டியில் மாற்றித் தரவும், ஆக்ஸிலைப் பரிசோதித்து எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். பதினைந்து நாளுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

மெயில் அனுப்பிய பத்தொன்பதாம் நாள் கிராங்க் வந்தது. ஆக்ஸில் நன்றாக இருப்பதாக ஜாப் கார்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள். கூலி 150 ரூபாய் மட்டும் என் கையிலிருந்து போனது.